நஞ்சு, விஷம், புவாஜோன்: ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், கோவிலில் தமிழ் என்று வளரும் பிள்ளைக்கு ஒரே பொருளுக்கு நாலைந்து சொற்கள் சேர்ந்துவிடுகின்றன. நஞ்சும் அப்படித்தான். மாலைத் தமிழ் வகுப்பிலும், காவடி விரத நாட்களில் கோவில் மண்டபத்திலும் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சில, கேட்டவரையும் என்னையும் நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போனவை.

ஆங்கிலப் 'பாய்சனும்' கிரியோல் 'புவாஜோனும்' ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். இரண்டுக்கும் தாய் பிரெஞ்சு. இங்கிலாந்தை நார்மானியர் பிடித்த பிறகு அவர்கள் பேசிய பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தீவில் குடியேறியபோது கூடவே வந்து இறங்கியது மற்றது.

பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் லத்தீனில் உள்ள 'போத்தியோ'. அதற்குக் குடித்தல், குடிக்கும் பொருள் என்பதே பொருள். நஞ்சின் வாடைகூட அதில் கிடையாது. வைத்தியர் காய்ச்சிக் கொடுத்த கஷாயம் போத்தியோ. காதலனை மயக்கக் கிழவி கலக்கிக் கொடுத்த வசிய நீரும் போத்தியோ. பழைய பிரெஞ்சிலும் முதலில் இந்தப் பொருள்களே இருந்தன. ஒருவர் கலக்கி இன்னொருவர் குடிப்பது என்றாலே சந்தேகம் எழும் அல்லவா? அந்தச் சந்தேகம் சொல்லின் மேல் படிந்து, கடைசியில் கொல்லும் நீர் மட்டுமே மிஞ்சிவிட்டது. பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்தவைக்கும் சொல்லாகிப் போனதை நாம் பார்த்திருக்கிறோம். நல்ல சொல் கீழே இறங்கிவருவது எல்லா மொழியிலும் நடப்பதே.

குடிக்கும் மருந்துக்கு ஒரு சொல் வேண்டுமே என்று அதே லத்தீன் சொல்லை இரண்டாம் முறை கடன் வாங்கினார்கள். மந்திரக் கதைகளில் வரும் 'போஷன்' அதுதான். ஆகவே போஷனும் பாய்சனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று நல்ல பெயர் எடுத்தது, மற்றொன்று கெட்டபெயர்.

இன்னொரு சேதி: பிரெஞ்சில் இச்சொல் 17ஆம் நூற்றாண்டு வரை பெண்பாலாக இருந்து, பிறகு ஆண்பாலாகிவிட்டது. பதினான்காம் லூயியின் அரசவையையே உலுக்கிய நஞ்சு வழக்குகள் 1677 முதல் 1682 வரை நடந்தன. 1682இல் நஞ்சு விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்து அரசாணையே பிறந்தது. இலக்கணத்தில் பால் மாறியதற்கும் வழக்குக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த நூற்றாண்டில் அச்சொல்லை வாயெடுத்துச் சொல்லவே பிரெஞ்சுக்காரர் நடுங்கியிருப்பார்கள்.

அப்படியானால் கோவிலில் கொடுக்கும் பானகத்துக்கும் பாய்சனுக்கும் உறவா?

உறவுதான், ஆனால் எட்டத்து உறவு. வடமொழியில் 'பா' என்ற வேருக்குக் குடி என்று பொருள். பானமும் பானகமும் அதிலிருந்து தமிழுக்கு வந்தவை. லத்தீனின் 'போத்தியோ'வும் வடமொழியின் 'பான'மும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிவு. சுக்கும் வெல்லமும் எலுமிச்சையும் கலந்த பானகம் ஒரு கிளையில் பழுத்தது, பாய்சன் இன்னொரு கிளையில் கசந்தது.

கிரியோலில் இதைவிட வேடிக்கை உண்டு. நஞ்சு குடித்துவிட்டான் என்பதற்கு 'லின் புவார் புவாஜோன்' என்கிறோம். 'புவார்' என்ற குடிக்கும் வினையும் லத்தீனின் 'பிபெரே' வழியாக அதே வேரைச் சேர்ந்ததுதான். வடமொழியில் குடிக்கிறான் என்பது 'பிபதி'. ஆக அந்தக் கிரியோல் வாக்கியத்தில் ஒரே வேர் இரண்டு முறை வருகிறது, பேசுகிறவருக்குத் தெரியாமலே.

தமிழின் குடி, பருகு, அருந்து எதற்கும் இந்தக் குடும்பத்தில் பங்கில்லை.

'பாயசம்' திரிந்து 'பாய்சன்' ஆனது என்று ஒரு தாத்தா சொன்னாரே?

ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். பாயசம், பால் என்று பொருள்படும் 'பயஸ்' என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது. திருநாவுக்கரசருக்குப் பால்சோற்றில் நஞ்சு கலந்து கொடுத்த கதையைச் சேர்த்துச் சொன்னால் தாத்தாவின் விளக்கத்துக்குச் சுவை கூடும், உண்மை கூடாது.

மீனுக்கு 'புவாசோன்', நஞ்சுக்கு 'புவாஜோன்'. மீனில் நஞ்சு இருப்பதால் வந்த ஒற்றுமையா?

இல்லை. மீன் என்ற பிரெஞ்சுச் சொல் லத்தீனின் 'பிஸ்கிஸ்' என்பதிலிருந்து வந்தது. குடிப்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. நடுவில் உள்ள ஒலி அழுத்தமாக இருந்தால் மீன், அதிர்ந்தால் நஞ்சு. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாமல் 'ச', 'ஜ' என்று ஒப்பேற்றியிருக்கிறேன். பிள்ளைகள் பிரெஞ்சுக் கட்டுரையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, மத்தியானம் நஞ்சு சாப்பிட்டதாக எழுதி வருவது வகுப்பறையில் வழக்கமான சிரிப்பு.

ஆனால் மீன் பேச்சு வந்ததால் பிரெஞ்சின் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நஞ்சுள்ளது என்பதற்கு அவர்களிடம் இரண்டு அடைமொழிகள் உண்டு: 'வேனெனோ', 'வெனிமோ'. அது நம்மைக் கடித்தோ குத்தியோ கெடுத்தால் வெனிமோ. நாம் அதைக் கடித்துக் கெட்டால் வேனெனோ. நச்சுக்காளான் வேனெனோ. பாம்பும் தேளும் வெனிமோ.

நம் கடலிலேயே இரண்டுக்கும் ஆள் இருக்கிறது. நாம் 'லாஃப்' என்று அழைக்கும் கல்மீன், பவளப்பாறைக்கு உள்ளே ஆழமில்லாத நீரில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். காலை வைத்தால் முதுகு முள் குத்தி நஞ்சை ஏற்றிவிடும். அது வெனிமோ. அதன் இறைச்சியைச் சமைத்துத் தின்னும் நாடுகளும் உண்டு. நஞ்சு முள்ளின் சுரப்பியில் இருக்கிறது. பேத்தை மீனோ யாரையும் குத்தாது. தின்றவர்தான் போய்ச்சேருவார். அது வேனெனோ. பாறை மீன்கள் சிலவற்றைத் தின்பதால் வரும் 'சிகுவாத்தேரா' நோயும் இந்த வகை. கடலின் நுண்ணுயிர் உண்டாக்கும் நஞ்சு சிறிய மீனிலிருந்து பெரிய மீனுக்குச் சேர்ந்துகொண்டே போகிறது. எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. அந்தப் பெயர் கியூபாவில் ஒரு கடல் நத்தைக்கு வழங்கிய 'சிகுவா' என்பதிலிருந்து வந்தது.

தமிழில் இதற்கென்று நிலைத்த சொல்லிணை இல்லை. வகுப்பில் நான் கடிவிஷம் என்றும் தின்றால் நஞ்சு என்றும் பிரித்துச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

நஞ்சு தமிழ்ச் சொல்தானா? 'நச்சு' என்றும் எழுதுகிறார்களே, எது சரி?

தமிழே. கன்னடத்திலும் மலையாளத்திலும் அதன் உடன்பிறப்புகள் உள்ளன. மைசூருக்குப் பக்கத்தில் உள்ள நஞ்சன்கூடு என்ற ஊர், அங்கே குடிகொண்ட நஞ்சுண்டேசுவரரால் பெயர் பெற்றது. நைந்துபோதல், நசிதல் என்ற சொற்களோடு நஞ்சை இணைத்து, உடம்பை நைய வைப்பது நஞ்சு என்று விளக்குவோர் உண்டு. எனக்கு அது பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் முடிந்த முடிபாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'நஞ்சு', 'நச்சு' இரண்டும் சரி. தனியே நின்றால் நஞ்சு; இன்னொரு சொல்லோடு சேர்ந்தால் மெல்லெழுத்து வல்லெழுத்தாகி நச்சு. இரும்பு இருப்புப்பாதை ஆவதும் மருந்து மருத்துவர் ஆவதும் இதே விதியால்தான். நச்சுப்பாம்பு, நச்சுக்காற்று, நச்சுமரம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'நச்சுதல்' என்று தனியாக ஒரு பழைய வினை உண்டு. அதற்குப் பொருள் விரும்புதல். ஆசை என்று பொருள்படும் நசையின் குடும்பம் அது, நஞ்சோடு ஒட்டில்லை. எழுத்தில் மட்டும் இரட்டைப் பிள்ளைகள். வள்ளுவர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள்
நச்சு மரம்பழுத் தற்று.

1008ஆம் குறள். யாராலும் விரும்பப்படாதவனிடம் சேர்ந்த செல்வம், ஊர் நடுவே நச்சுமரம் பழுத்துத் தொங்குவதைப் போன்றது. முதலடியின் 'நச்சு' ஆசை, இரண்டாமடியின் 'நச்சு' நஞ்சு. நெருங்கி விரும்ப ஆள் இல்லாதவன், நெருங்கினால் ஆளைக் கொல்லும் மரம் ஆகிறான். பொருளை இழந்துவிடாமல் இந்தக் குறளைப் பிரெஞ்சில் சொல்லிப் பாருங்கள் என்று பெரிய பிள்ளைகளிடம் கொடுப்பேன். பொருள் போய்ச் சேரும். விளையாட்டு வழியிலேயே இறங்கிவிடும்.

ஊரில் பெரியவர்கள் சொல்லும் 'எட்டி பழுத்தாலென்ன, ஈயாதார் வாழ்ந்தாலென்ன' என்ற பழமொழி இதே கருத்துதான். எட்டி அழகாக ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும். உள்ளே இருப்பது ஸ்டிரிக்னின் என்ற கொடிய நஞ்சு.

நச்சினார்க்கினியர் என்றால் நஞ்சு வைத்தவர்களுக்கு இனியவரா?

அந்த உரையாசிரியர் பாவம். விரும்பியவர்களுக்கு இனியவர் என்பது பொருள். மேலே சொன்ன ஆசை 'நச்சு'.

பிள்ளைப்பேற்றில் வரும் 'நஞ்சுக்கொடி'யில் நஞ்சு எங்கே?

அம்மாவாகப் போகும் பெண்கள் கேட்டால் முதலில் இதைச் சொல்லிவிடுவேன்: அதில் நஞ்சு இல்லை, பிள்ளைக்கு உணவும் உயிர்க்காற்றும் அதன் வழியாகத்தான் போகின்றன. பேறு முடிந்தபின் அது முழுதாக வெளியே வராமல் தங்கினால் இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் வந்து தாய்க்கு ஆபத்தாகும். அதனால்தான் அந்தப் பெயர் என்று விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கன்னடத்தில் நஞ்சு என்பது சீழ்பிடித்த தொற்றையும் குறிப்பது இதற்குத் துணைநிற்கிறது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பசு கன்று போட்டதும் அந்தக் கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். பால் மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் ஊறும் என்று நம்பிக்கை. அடுத்த கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆலம் வேண்டியிருப்பதால் இதை நினைவில் வையுங்கள்.

சிவனுக்கு நஞ்சோடு இத்தனை பெயர்கள் ஏன்? ஆலம், கடு என்பவையும் நஞ்சா?

பாற்கடலைக் கடைந்தபோது அமுதுக்கு முன்னால் எழுந்த ஆலகாலத்தை அவர் உண்டார். அது கண்டத்தில் நின்று நீலமாயிற்று. சிவராத்திரியன்று கிராண்ட் பாசினுக்கு நடந்துபோகும் அண்டைவீட்டு இந்திக்காரரும் இதே கதையைத்தான் சொல்வார். நீலகண்டன், மணிகண்டன், விடமுண்டான், ஆலமுண்டான், நஞ்சுண்டான் எல்லாம் அந்த ஒரு மடக்கிலிருந்து வந்த பெயர்கள். நம் தீவிலும் பல குடும்பப் பெயர்கள் கண்டனில் முடிகின்றன. பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் சில அடையாளம் தெரியாமல் கிடக்கின்றன.

ஆலம் என்றால் நஞ்சு. ஆலமரமும் ஆலம்தான். சிவன் ஆலின்கீழ் அமர்ந்து அறம் சொன்னவர், ஆலத்தை உண்டவர். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு கதையையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிடலாம். பக்திப் புலவர்களுக்கு இது கரும்பு.

'கடு' என்பதற்கு நஞ்சு, கைப்பு, காரம் என்று பல பொருள்கள். கரளம், காளகூடம் என்பவை வடசொற்கள். புராணப் பேச்சுக்கு வெளியே யாரும் அவற்றைச் சொல்லிக் கேட்டதில்லை.

விஷம் வடமொழி. தமிழ் வகுப்பில் அதைத் தவிர்க்க வேண்டுமா?

விஷத்தைத் தமிழாக்கி 'விடம்' என்று நம் முன்னோர் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். வேஷம் வேடம் ஆனது போலத்தான். எழுதும்போது நஞ்சு என்று எழுதப் பழக்குகிறேன், ஏனென்றால் பிள்ளைக்கு அதிலிருந்து பத்துச் சொல் கிடைக்கும். பேச்சில் விஷக்கடி, விஷக்காய்ச்சல் என்று பாட்டி சொன்னால் அவரைத் திருத்தப் போவதில்லை. விலைவாசி 'விஷம் மாதிரி ஏறுது' என்ற பேச்சை 'நஞ்சு போல ஏறுகிறது' என்று மாற்றிப் பாருங்கள், ஏறவே ஏறாது.

விஷத்துக்கும் ஐரோப்பாவில் சொந்தக்காரர்கள் உண்டு. லத்தீனில் 'வீருஸ்' என்றால் நஞ்சு, பிசுபிசுப்பான கெட்ட நீர். வடமொழியின் விஷமும் இதுவும் ஒரே வேர். வடமொழியில் 'ஷ' நின்ற இடத்தில் லத்தீனில் 'ர' நிற்கிறது. 1898இல் டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க், புகையிலைச் செடியைத் தாக்கி வடிகட்டியிலும் சிக்காத நோய்க்காரணிக்கு அந்தப் பழைய சொல்லையே வைத்தார். அதுதான் வைரஸ். கொரோனா காலத்தில் நச்சுயிரி, தீநுண்மி என்று தமிழில் பல ஆக்கங்கள் போட்டியிட்டன. மூலத்தின் பொருளை அப்படியே பிடித்திருப்பதால் என் வாக்கு நச்சுயிரிக்கு.

விஷமம் செய்யும் பிள்ளையிடம் விஷம் இருக்கிறதா? விஷயம்?

எதிலும் இல்லை. விஷமம் என்பது 'வி', 'சம' சேர்ந்தது: சமமில்லாதது, கோணலானது. விஷயம் வேறு வேர். சித்திரை விஷு பகலும் இரவும் சமமாகும் நாளைக் குறிக்கும் சொல்.

பழநி முருகன் சிலை நவபாஷாணம் என்கிறார்கள். பாஷாணமும் நஞ்சுதானே?

காவடி எடுக்கிறவர்கள் வருடந்தோறும் கேட்கும் கேள்வி. பாஷாணம் என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் கல். சித்த மருத்துவத்தில் மண்ணிலிருந்து எடுக்கும் நச்சுத் தாதுக்களையும், அவற்றைப் போல வைப்புமுறையில் செய்தவற்றையும் பாஷாணம் என்றார்கள். பிறவிப் பாஷாணம் 32, வைப்புப் பாஷாணம் 32, ஆக 64 என்பது கணக்கு. அவற்றில் ஒன்பதைச் சேர்த்துக் கட்டிச் சித்தர் போகர் பழநி மூலவரை வடித்தார் என்பது மரபு. கல்லாக இருந்த சொல், கல்லில் இருந்த நஞ்சுக்குப் பெயராகி, பிறகு எல்லா நஞ்சுக்கும் பேச்சுவழக்கில் பரவியது.

பாஷாணங்களில் ஒன்று தாளகம். பொன்மஞ்சள் நிறத் தாது. ஆர்சனிக் என்ற பெயரும் இந்தக் கல்லில்தான் தொடங்குகிறது. பாரசீகத்தில் பொன்னிறத்தை வைத்து 'ஜர்னீக்' என்றார்கள். கிரேக்கர் காதில் அது 'அர்சேனிக்கோன்' என்று விழுந்தது. நிறத்துக்கு வைத்த பெயர் கொலைக்குப் பேர்போனதாகிவிட்டது.

மருந்து என்று சொல்லிவிட்டு ஏன் நஞ்சைக் காட்டுகிறோம்? எலி மருந்து, பூச்சி மருந்து...

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 'மருந்தைக் குடிச்சிட்டான்' என்று தமிழ்நாட்டில் ஒருவர் பதறினால், காய்ச்சலுக்கு மருந்து குடித்ததாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 'அவனுக்கு மருந்து வச்சுட்டா' என்றால் வசியம். வெடிமருந்து என்றால் வெடிக்கும். இத்தனைக்கும் ஒரே சொல்.

கிரேக்கரிடமும் இதே கதை. 'ஃபார்மக்கோன்' என்பது நோய் தீர்ப்பதும் ஆள் தீர்ப்பதும். ரோஸ் ஹில் கடைத்தெருவில் பச்சைச் சிலுவை போட்ட ஃபார்மசிகளின் பெயர் அதிலிருந்து வந்ததே. அளவு என்று நாம் சொல்லும் 'டோஸ்' கிரேக்கத்தில் கொடுத்தல், கொடை என்று பொருள்படும். அதை ஜெர்மானியர் தம் மொழியில் அப்படியே பெயர்த்து 'கிஃப்ட்' என்றார்கள்: கொடுக்கப்பட்ட அளவு மருந்து. நாளடைவில் அது நஞ்சாயிற்று. இன்றைக்கும் ஜெர்மன் மொழியில் கிஃப்ட் என்றால் நஞ்சு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நம் உறவுகள் ஆஃப்ரிகான்ஸில் 'கிஃப்' என்று படித்திருப்பார்கள், அதுவும் இதுவே. கிராண்ட் பேயில் 'கிஃப்ட் ஷாப்' என்ற பலகையைப் பார்த்து ஜெர்மன் சுற்றுலாக்காரர் சிரித்தால் காரணம் புரிந்திருக்கும்.

கொடையும் நஞ்சும் சேரும் இடம் நம்மிடமும் இருக்கிறது, ஆனால் முற்றிலும் வேறு மனநிலையில். நற்றிணை 355: 'முந்தை இருந்து நட்டோர் கொடுப்பின் நஞ்சும் உண்பர் நனி நாகரிகர்.' நண்பர் கண்முன்னே கொடுத்தால் நஞ்சையும் உண்டுவிடுவார்களாம். 580ஆம் குறளில் வள்ளுவரும் 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர்' என்கிறார். ஊற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகும்! ஜெர்மானியர் கொடுப்பவர் கையைச் சந்தேகித்தார்கள், நம் புலவர் வாங்குபவர் கண்ணோட்டத்தை வியந்தார்கள். நாகரிகம் என்ற பேரில் இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று வகுப்பில் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாப் பொருளும் நஞ்சே, அளவுதான் ஒன்றை நஞ்சல்லாததாக்குகிறது என்று பாராசெல்சஸ் என்ற மருத்துவர் 1538இல் எழுதினார். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் 'டாக்ஸிக்' என்கிறார்களே?

கிரேக்கத்தில் 'டாக்சோன்' என்றால் வில். அம்பு முனையில் தடவும் நஞ்சை 'வில்லுக்கு உரிய மருந்து' என்றார்கள். மருந்து என்ற சொல் உதிர்ந்துபோய், வில் மட்டும் நின்று நஞ்சானது. போதை என்பதற்கான ஆங்கிலச் சொல் 'இன்டாக்ஸிகேஷன்', அதிலும் இந்த வில் ஒளிந்திருக்கிறது. அதன் முதற்பொருள் நஞ்சூட்டுதல். 'நஞ்சுண்பார் கள்ளுண் பவர்' என்ற 926ஆம் குறளை ரம் காய்ச்சும் ஊரில் கற்பிக்கும்போது பின்வரிசையில் அப்பாக்கள் தொண்டையைச் செருமுவார்கள்.

'வெனம்' என்பது?

பாம்பும் தேளும் ஏற்றும் நஞ்சுக்கு ஆங்கிலச் சொல். மூலம் லத்தீனின் 'வெனேனும்'. முதலில் காதல் மருந்து. காதல் தெய்வம் வீனஸின் பெயரும் அதே வேர். வடமொழியில் விரும்பு என்று பொருள்படும் 'வன்' அந்த வேரின் இந்தியக் கிளை. விரும்பப்பட்டவள் என்ற பொருளில் வனிதா அதிலிருந்து வந்தாள். வனிதா என்று பெயர் வைத்த அம்மாக்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் மகள் ஆசைப் பக்கம் நின்றுவிட்டாள். நம் 'நச்சு'வில் ஆசையும் நஞ்சும் ஒலியால் தற்செயலாக ஒட்டிக்கொண்டன. ரோமரிடம் அவை பிறப்பாலேயே ஒன்று.

கரும்புப் பாகுக்கும் பாம்புக்கடிக்கும் தொடர்பு என்றீர்களே?

சர்க்கரைத் தீவில் இதைச் சொல்லாமல் விடலாமா? கரும்புப் பாகை ஆங்கிலேயர் 'ட்ரீக்கிள்' என்பார்கள். அதன் மூலம் கிரேக்கத்தின் 'தேரியாக்கா': கொடிய விலங்கு கடித்தால் கொடுக்கும் முறிவு மருந்து. விரியன் பாம்பின் இறைச்சி உட்பட அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகளைத் தேனில் குழைத்துச் செய்ததை ரோமப் பேரரசர்களும் உண்டார்கள். மருந்துக்குப் பெயர், பிறகு மருந்தைக் குழைத்த பாகுக்குப் பெயர், கடைசியில் மருந்தே இல்லாத வெறும் பாகுக்குப் பெயர். 1639இல் டச்சுக்காரர் கரும்பை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். ஆலையில் வடியும் மெலாஸ் என்ற கரும்பாகைப் பார்க்கும்போது எனக்குப் பாம்புக்கடி வைத்தியர் நினைவுக்கு வருவார்.

இந்தத் தீவில் ஆளைக் கொல்லும் பாம்பே இல்லை. பிறகு ஏன் பாடத்தில் இத்தனை நச்சுப்பாம்பு?

சொற்கள் கப்பலேறி வந்தன, பாம்பு வரவில்லை. வந்து பரவிய ஓநாய்ப்பாம்பு மனிதருக்குத் தீங்கற்றது. 'நஞ்சுடைமை தானறிந்து நாகம் கரந்துறையும்' என்று மனப்பாடம் செய்யும் பிள்ளை நாகத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கும். லாஃப் மீனைக் காட்டி விளக்கினால் உடனே புரிந்துகொள்கிறது. அதுவும் தன் நஞ்சை அறிந்தது போலக் கரந்துதான் உறைகிறது.

வீட்டில் எலி மருந்துப் போத்தலின் மேல் எந்த மொழியில் என்ன எழுதுவது?

வாங்கிய போத்தலிலேயே, ஒட்டியிருக்கும் சீட்டோடு விட்டுவிடுங்கள். தமிழ் மட்டும் படிக்கும் பாட்டி இருந்தால் பெரிய எழுத்தில் 'நஞ்சு' என்று எழுதி ஒட்டுங்கள், 'மருந்து' என்று ஒருநாளும் எழுதாதீர்கள். பக்கத்திலேயே புவாஜோன் என்பதைப் பிரெஞ்சு எழுத்தில். படிக்கத் தெரியாத சின்னவனுக்கு மண்டையோட்டுப் படம் போதாது, கடற்கொள்ளையர் விளையாட்டு என்று நினைத்துக்கொள்வான்; அவன் கை எட்டாத பூட்டிய அலமாரி வேண்டும். மிச்சத்தைக் காலி குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். மீறி யாராவது குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல் நம் தீவின் அவசர மருத்துவ எண் 114க்கு அழைத்து, போத்தலையும் கூடவே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.